ஒன்றாந்தேதியியல்: குத்தம்பாக்கத்தை முன்வைத்து ஒரு முன்னாய்வு

பாயிரம்

நல்ல காரியம் ஒன்றைச் செய்வதென்று முடிவெடுத்து, அதற்குக் குற்றம் குறை இல்லாத ஒரு நாளைக் குறித்து, அந்த நாள் வந்ததும் அதிலும் ஒரு குற்றம் கண்டுபிடித்து, அடுத்த நாளைக் குறிக்கும் மனித இயல்பை ஆராயும் துறை ஒன்றாந்தேதியியல் எனப்படும். பெயரிட்டவர் இவ்வாய்வாளரே. இத்துறைக்கு எந்தப் பல்கலைக்கழகத்திலும் இன்னும் இருக்கை இல்லை. அதற்கான வரைவு தயாராகிக்கொண்டிருக்கிறது. இன்னும் இரண்டு மூன்று இடங்களில் செப்பம் செய்ய வேண்டியிருக்கிறது.

இந்நூல் என் நுதலிற்றோ எனின், செம்மையாகச் செய்ய வேண்டும் என்ற ஆசை ஒருவனைச் செய்யவே விடாமல் வைத்திருக்கும் விதத்தை உணர்த்துதல் நுதலிற்று. இது சோம்பலைப் பற்றிய நூல் என்பாரும் உளர். அது பொருந்தாது. என்னை? சோம்பேறி திட்டம் போடுவதில்லை. நம் ஆய்வுக்குரியவர் ஓயாமல் உழைப்பவர். உழைப்பு முழுவதும் திட்டத்திலேயே தீர்ந்துவிடுகிறது, அவ்வளவுதான். வள்ளுவர் காலமறிதலை 49-ஆம் அதிகாரத்தில் வைத்தார். மடியின்மையை 61-இல் வைத்தார். நம்மவர் 49-இல் அடையாள அட்டை செருகி மூடி வைத்தவர். மீதியை நல்ல நாள் பார்த்துப் படிப்பார்.

முன்னோர் செய்தவை

அமெரிக்காவில் ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரிஸ் ஆகிய மூவர் 2014-இல் ‘மேனேஜ்மென்ட் சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வாரம் பிறந்தால், மாதம் பிறந்தால், ஆண்டு பிறந்தால், பிறந்த நாள் கழிந்தால் மக்கள் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போவது கூடுகிறது. ‘டயட்’ என்று கூகுளில் தேடுவதும் கூடுகிறது என்பது அதன் சாரம். நல்ல ஆய்வுதான். ஆனால் குறை இரண்டு. கூடத்துக்கு வந்தவர்களை எண்ணினார்கள். வருவதற்காக ஷூ வாங்கி வைத்தவர்களை எண்ணவில்லை. அடுத்து, அவர்களுக்கு இருப்பது ஒரே ஒரு புத்தாண்டு. தமிழருக்கு ஜனவரி 1 இருக்கிறது, தை 1 இருக்கிறது, சித்திரை 1 இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டில் ஜூன் இருக்கிறது, விஜயதசமி இருக்கிறது. பிறந்த நாளே தேதிப்படி ஒன்று, நட்சத்திரப்படி ஒன்று என இரண்டு. தொடக்கத்துக்கு இத்தனை வாசல் திறந்து வைத்திருக்கும் சமூகம் உலகத்தில் குறைவு. எல்லா வாசலிலும் ‘இன்று வேண்டாம்’ என்ற பலகையும் தொங்குகிறது. இந்த இரண்டாவது உண்மை மேற்படி மூவருக்குத் தெரிய வழியில்லை.

கனடாவில் ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் ஆகியோர் 1994-இல் வெளியிட்ட ஆய்வும் இங்கே சொல்லத்தக்கது. பட்ட ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று மாணவர்களைக் கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்றார்கள் மாணவர்கள். எல்லாமே கெட்டுப்போனால்? 48.6 நாள். உண்மையில் ஆனது 55.5 நாள். அதாவது, எல்லாம் கெட்டுப்போவதாக நினைத்துப் போட்ட கணக்கையும் தாண்டி ஒரு வாரம். இவர்கள் ராகு காலம் இல்லாத நாட்டு மாணவர்கள் என்பதை வாசகர் மறக்கக் கூடாது.

களம்

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் பூந்தமல்லி, நசரத்பேட்டை, திருமழிசை தாண்டினால் குத்தம்பாக்கம். ஒரு பக்கம் வயல், ஏரி, ஊர். மறுபக்கம் குடோன்களும் லாரிகளும். நடுவில் மனைப்பிரிவுகள். இந்த மனைப்பிரிவு வீடுகளின் மொட்டை மாடிதான் நமது முதல் ஆய்வுக்கூடம்.

ஏறிப் பார்த்தால் தெரியும். ஒவ்வொரு தூணின் தலையிலும் நான்கோ ஆறோ கம்பிகள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. மேல்மாடி எடுக்கும்போது ஒட்டுப்போடுவதற்காக விட்ட கம்பிகள். துரு ஏறாமலிருக்க சிமென்ட் பால் பூசியவர் உண்டு. குத்திவிடாமலிருக்க வாட்டர் பாட்டிலைக் கவிழ்த்தவர் உண்டு. கொடி கட்டித் துணி உலர்த்துபவர்கள் பெரும்பான்மை. கம்பியின் வயதைத் துருவை வைத்துக் கணிக்கலாம். மேல்மாடி ஏன் இன்னும் எழவில்லை என்று கேட்டால் பணம் இல்லை என்று சொல்பவர் சிலர். அவர்கள் நம் ஆய்வில் சேர மாட்டார்கள். “எடுத்தா ஒரேடியா ரெண்டு மாடி, லிஃப்டோட எடுக்கணும் சார்” என்பவரே நமக்கு வேண்டியவர்.

அதே வீட்டைக் கீழே இறங்கிச் சுற்றி வந்தால் இன்னொரு உண்மை புலப்படும். முன்பக்கம் எலிவேஷன் டைல்ஸ் மின்னும். பக்கவாட்டில் பூசாத செங்கல் பல்லைக் காட்டும். பூமி பூஜைக்கு நிமிடம் பிசகாமல் நேரம் குறித்திருப்பார்கள். வாசக்கால் வைக்கும்போது நவதானியம், மஞ்சள் துணி, மாவிலை எதுவும் குறைந்திருக்காது. கிரகப்பிரவேசப் பத்திரிகையை மூன்று பேர் பிழை திருத்தியிருப்பார்கள். மாடிப்படிக் கைப்பிடி மட்டும் இன்றுவரை வரவில்லை. இதிலிருந்து இவ்வாய்வாளர் கண்ட அடிப்படை விதி: நம்மிடம் உள்ள செம்மை முழுவதும் தொடக்கத்துக்கே செலவாகிவிடுகிறது, முடிப்பதற்குக் கையில் மிச்சம் இருப்பதில்லை.

இது வீட்டளவில் நின்றுவிடும் விதி என்று நினைக்க வேண்டாம். 2011-இல் திருமழிசைத் துணைநகரம் அறிவிக்கப்பட்டது. குத்தம்பாக்கம், செம்பரம்பாக்கம் உள்ளிட்ட ஊர்களில் 311 ஏக்கர். மதிப்பீடு 2,160 கோடி ரூபாய். வீடு, பள்ளி, பூங்கா, கடை எல்லாம் அடங்கிய முழு நகரம். காகிதத்தில் அதைவிட ஒழுங்கான ஊர் இந்த வட்டாரத்தில் கிடையாது. அந்த நிலம் புல் முளைத்துக் கிடந்தது. 2020 மே 5 அன்று கொரோனா பரவலால் கோயம்பேடு சந்தையை மூடினார்கள். ஒரே வாரத்தில் அந்த நிலத்தில் கொட்டகை எழுந்து, தற்காலிகச் சந்தையில் காய்கறி வியாபாரம் தொடங்கிவிட்டது. வரைபடத்தில் சந்தை இல்லை. மழை பெய்தால் சேறு. வியாபாரிகள் திட்டித் தீர்த்தார்கள். ஆனாலும் செப்டம்பர் கடைசியில் கோயம்பேடு திறக்கும்வரை சென்னை சாம்பாரின் கத்தரிக்காய் அந்தச் சேற்றைத் தாண்டித்தான் வந்தது. முழு நகரம் ஆண்டுக்கணக்கில் செய்யாத வேலையை ஒரு தகரக் கொட்டகை ஒரு வாரத்தில் செய்தது என்பதைத் துறையின் முதல் சான்றாகப் பதிவு செய்கிறோம்.

ஆய்வுக்குரியவர்

இவ்வாய்வாளரின் எதிர்வீட்டுக்காரர். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் க்யூ.சி. இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வெர்னியரும் மைக்ரோமீட்டரும் பிடித்த கை. சர்க்கரை இருக்கிறது, தினம் முக்கால் மணி நேரம் நடங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நடை என்ற காரியத்துக்குத் தேவையானவை இரண்டு கால்கள். அவை அவரிடம் பிறப்பிலேயே இருந்தன. அதற்கு மேல் அவர் சேர்த்தவை வருமாறு.

முதலில் ஒரு 200 பக்க லாங் சைஸ் நோட்டு. அதில் ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையால் கோடிட்டு, தேதி, கிழமை, புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், தூரம், எடை, குறிப்பு என்று ஏழு பத்திகள். ‘குறிப்பு’ப் பத்தி குறுகலாகப் போய்விட்டதென்று அந்த நோட்டை ஒதுக்கிவிட்டு இன்னொன்று. அடுத்து எடை மெஷின். வாங்கிய மெஷின் சரியாகக் காட்டுகிறதா என்று தெரிய வேண்டுமே. அரிசிக் கடையிலிருந்து வந்திருந்த 25 கிலோ சிப்பத்தைத் தூக்கி அதன்மேல் வைத்தார். 24.8 என்று காட்டியது. தப்பு மெஷினிலா, மூட்டையிலா? இந்தக் கேள்வியுடன் அவர் முதலில் மெஷின் கடைக்கும் பிறகு அரிசிக் கடைக்கும் போய்வந்தார். இரண்டு கடைக்கும் நடந்தே போனார் என்பதை இவ்வாய்வாளர் நேரில் கண்டார். அது கணக்கில் வராது; ஏனென்றால் அது நடைப்பயிற்சி தொடங்குவதற்கு முந்தைய நடை.

“ஏங்க, நடக்கிறதுக்கு என்னாத்துக்குங்க நோட்டு?” என்று வீட்டம்மா கேட்டார்.

“ஒரு வேலைய செஞ்சா முறையா செய்யணும்டி.”

நேர்காணல் அவர்கள் வீட்டுத் திண்ணையில் நடந்தது.

“அண்ணே, எப்போ ஆரம்பிக்கப் போறீங்க?”

“ஒண்ணாந்தேதி சார். அதுவும் திங்கக்கிழமையா இருக்கணும். வாரமும் மாசமும் ஒண்ணா பொறந்தாத்தான் நோட்டுல கணக்கு சுத்தமா வரும். நடுவுல ஆரம்பிச்சா முதல் பக்கமே அசிங்கமா இருக்கும்.”

முதல் பக்கம் அசிங்கமாக இருக்கக் கூடாது என்ற இந்த ஒரு வரியில் துறையின் சாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

காலக் கணிதம்

அவருடைய நிபந்தனைகளை வாங்கிக்கொண்டு கணக்குப் போட்டோம். மாதத்தின் முதல் நாள் திங்களாக அமைவது ஆண்டுக்குச் சராசரியாக 1.7 முறை. ஆடியில் எதையும் தொடங்கக் கூடாது. மார்கழியிலும் கூடாது. புரட்டாசியில் வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். ஆகவே பன்னிரண்டில் மூன்று பங்கு போயிற்று. தேய்பிறை ஆகாது, மிஞ்சியதில் பாதி போயிற்று. வளர்பிறையிலும் அஷ்டமி, நவமி ஆகாது. பதினைந்தில் இரண்டு பங்கு போயிற்று. பெருக்கினால் ஆண்டுக்கு 0.56 நாள். கரிநாளும் சந்திராஷ்டமமும் இன்னும் கழிக்கப்படவில்லை. தோராயமாக, ஒரு மனிதர் நடக்கத் தொடங்குவதற்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு நாள் தேறும்.

கணிதம் இருக்கட்டும், காலண்டரைக் கிழித்துப் பார்ப்போம். 2025-இல் ஒன்றாந்தேதி திங்களாக வந்தது இரண்டு முறை. செப்டம்பர் 1, ஆவணி. எல்லாம் சரி, திதி நவமி. தள்ளுபடி. டிசம்பர் 1, கார்த்திகை, வளர்பிறை, ஏகாதசி. பஞ்சாங்கம் கையெடுத்துக் கும்பிடும் நாள். அன்றைக்கு டிட்வா புயலின் மிச்சம் சென்னைக்கு எதிரே கடலில் நின்றுகொண்டு சென்னையையும் திருவள்ளூர் மாவட்டத்தையும் நனைத்துத் தள்ளியது. குற்றமற்ற ஒரே நாளில் குடை பிடித்துக்கொண்டு நடக்க நம்மவர் ஒப்பவில்லை. புது ஷூ.

2026-இல் அப்படி வாய்ப்பது ஒரே நாள், ஜூன் 1. மே 31 பௌர்ணமி. ஆகவே ஜூன் 1 தேய்பிறையின் முதல் நாள். ஒரே ஒரு நாளில் தவறிப் போகிறது என்று அவர் வருந்தியதை இவ்வாய்வாளர் கண்டார். அந்த வருத்தம் உண்மையானது. 2027-இல் பிப்ரவரி 1, மார்ச் 1 இரண்டும் திங்கள், இரண்டும் தேய்பிறை. நவம்பர் 1 திங்கள், வளர்பிறை, தீபாவளி முடிந்து சில நாளில். மாதம் ஐப்பசி. ஐப்பசியில் இந்த ஊரில் மழை எப்படிப் பெய்யும் என்று செம்பரம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நாள் கிடைத்தாலும் நேரம் கிடைக்க வேண்டும். தொடக்கம் என்றால் குளித்துச் சாமி கும்பிட்ட பிறகுதான். குழாய்த் தண்ணீர் பிடித்து, குளித்து, விளக்கேற்றி நிமிர்ந்தால் மணி ஏழரை. திங்கட்கிழமை ராகு காலம் 7.30 முதல் 9 வரை. ஒன்பது மணி வெயிலில் நடக்கக் கூடாது என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். பத்தரைக்கு எமகண்டம். மதியம் ஒன்றரை முதல் மூன்று வரை குளிகை. குளிகையில் செய்தது திரும்பத் திரும்ப நடக்கும் என்பது நம்பிக்கை. அதனால் கடன் வாங்க மாட்டார்கள், நகை வாங்குவார்கள். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. நடையைக் குளிகையில் தொடங்கினால் நடை திரும்பத் திரும்ப நடக்கும். நடைக்கான திட்டத்தைக் குளிகையில் தொடங்கினால் திட்டம் திரும்பத் திரும்ப நடக்கும். நம்மவர் அந்த முதல் நோட்டுக்குக் கோடு போட்டது எந்த நேரத்தில் என்று விசாரித்தோம். சாப்பிட்டு முடித்த பிறகு, ஒரு திங்கட்கிழமை, இரண்டு மணி வாக்கில்.

வகைப்பாடு

பால் ஹூயிட், கார்டன் ஃப்ளெட் என்ற இரு உளவியலாளர்கள் 1991-இல் பூரணத்துவப் பித்தை மூன்றாகப் பிரித்தார்கள். தன்னிடம் பூரணம் எதிர்பார்ப்பது, பிறரிடம் எதிர்பார்ப்பது, ஊர் தன்னிடம் எதிர்பார்க்கிறது என்று நினைத்துக்கொள்வது. குத்தம்பாக்கத்தில் மூன்றும் ஒரே ஆளிடம் காலை, மாலை, இரவு என்று முறை வைத்து வருவதுண்டு. மூன்றாவதே கொடியது. ‘நாலு பேர் என்ன சொல்வாங்க?’ என்ற அச்சம் அது. அந்த நாலு பேரை இவ்வாய்வாளர் தேடிப் பார்த்தார். டீக்கடையில் இருந்தார்கள். ஒவ்வொருவரும் மற்ற மூன்று பேருக்குப் பயந்து எதையோ தள்ளிப்போட்டிருந்தார்கள். ஒருவர் கார் ஓட்டக் கற்றுக்கொள்வதை. ஒருவர் ஐம்பது வயதில் எழுதத் துணிந்த பத்தாம் வகுப்புப் பரீட்சையை. ஒருவர் கட்டி முடித்த கடையின் திறப்பு விழாவை. நாலாமவர் சொல்ல மறுத்துவிட்டார். இன்னும் சொல்லும் பக்குவத்துக்கு அது வரவில்லையாம்.

எதிர்க்கூற்றும் விடையும்

அற்றேல், அரைகுறையாகத் தொடங்கச் சொல்கிறீரோ? கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தை 2023 டிசம்பர் 30 அன்று திறந்தார்களே. அப்போது ரயில் நிலையம் இல்லை, நடைமேம்பாலம் இல்லை, மூட்டை முடிச்சோடு இறங்கிய மக்கள் பட்ட பாடு என்ன? எனின், கடா நன்று. பொதுக் காரியத்தில் அரைகுறைக்கு விலை கொடுப்பவன் திறந்து வைத்தவன் அல்லன். இறங்கி நின்ற பயணி. அங்கே செம்மை வேண்டும். ஆனால் செம்மை வேண்டும் என்றே தேதி நகர்ந்தால் என்னாகும் என்பதற்கும் நம் ஊரிலேயே சான்று உண்டு. குத்தம்பாக்கம் புறநகர்ப் பேருந்து முனையத்தை ஏறத்தாழ 25 ஏக்கரில் சி.எம்.டி.ஏ. கட்டத் தொடங்கியது 2021-இல். திறக்கும் தேதி 2024 என்றார்கள், 2025 என்றார்கள். ஒவ்வொரு தேதிக்கும் ஒரு காரணம், ஒவ்வொரு காரணமும் நியாயமானதே. மேற்கே போகும் பயணி அவ்வளவு காலமும் பூந்தமல்லி சாலையோரத்தில் பையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு நின்றான்.

சொந்தக் காரியத்தில் நிலைமை வேறு. அங்கே அரைகுறையால் நஷ்டப்படுகிறவர் நாமே; அந்த நஷ்டமும் ஒரு நோட்டின் முதல் பக்கம் அசிங்கமாவது மட்டும்தான்.

இதே ஊரில் எதிர்ச்சான்றும் இருக்கிறது. வேதிப் பொறியியல் படித்து, சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகத்தில் இருந்த வேலையை விட்டுவிட்டு வந்த இளங்கோ ரங்கசாமி 1996-இல் குத்தம்பாக்கம் ஊராட்சித் தலைவரானார். கழிவுநீர்க் கால்வாய் கட்ட வேண்டியிருந்தது. மதிப்பீட்டில் குறித்த கல்லுக்குப் பதிலாக, பக்கத்துக் கிரானைட் பாலீஷ் பட்டறைகள் கொட்டிவிட்டுப் போன கழிவுப் பலகைக் கற்களை வைத்துக் கட்டினார். செலவு குறைந்தது, கால்வாய் எழுந்தது. அங்கீகரித்த கல் இது இல்லை என்று அவரைப் பதவியிலிருந்து நிறுத்தி வைத்தது அரசு. கிராம சபை திரண்டு அவர் பக்கம் நின்றது. பதவி திரும்பி வந்தது. 2001-இல் மறுபடியும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். அந்த மதிப்பீட்டுக் கோப்பு என்னவோ குற்றமற்ற கோப்புதான். அதில் சாக்கடைத் தண்ணீர் ஓடாது என்பது ஒன்றுதான் குறை.

அவர் காலத்துச் சமத்துவபுரம் இன்னும் பெரிய சான்று. அங்கே கட்டியவை இரட்டை வீடுகள், ஐம்பது. நடுச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு தலித் குடும்பம், அந்தப் பக்கம் தலித் அல்லாத குடும்பம். முதலில் மனசு மாறட்டும், பிறகு சேர்ந்து வாழலாம் என்று சொல்வதற்கு நாட்டில் ஆளுக்குப் பஞ்சமில்லை. மனசு மாறட்டும் என்பது சமூகச் சீர்திருத்தத்தின் ஒன்றாந்தேதி. அது எந்த ஆண்டின் காலண்டரிலும் அச்சாகவில்லை.

இன்னும் பழைய சான்று வேண்டுமானால் பக்கத்து ஊருக்குப் போகலாம். திருமழிசை ஆழ்வாரின் சீடர் கணிகண்ணனைப் பல்லவ மன்னன் காஞ்சியை விட்டுப் போகச் சொன்னான். சீடன் கிளம்ப, ஆழ்வாரும் கிளம்பினார். திருவெஃகாவில் படுத்திருந்த பெருமாளிடம் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வரச் சொன்னார். பெருமாள் ராகு காலமா என்று பார்க்கவில்லை. எழுந்தார், சுருட்டினார், நடந்தார். மன்னன் ஓடி வந்து மன்னிப்புக் கேட்டதும், திரும்பி வந்து படுத்தார். சொன்ன வண்ணம் செய்த பெருமாள் என்பது இன்றுவரை அவர் திருநாமம். இதில் நம் துறைக்குரிய செய்தி கடைசியில் இருக்கிறது. மற்ற கோயில்களுக்கு மாறான திசையில் அங்கே பள்ளிகொண்டிருக்கிறார். திரும்பி வந்து படுத்ததில் அப்படி ஆயிற்று என்பார்கள். மாறிவிட்டதே என்று எழுந்து திருத்திப் படுக்கவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக யாரும் குறை சொல்லவும் இல்லை.

புலவர்கள் இதற்கெல்லாம் மசிய மாட்டார்கள் என்பதால் அவர்கள் துறையிலிருந்தே ஒன்று. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. விடுபட்ட சொற்கள் பதின்மூவாயிரத்துக்கும் மேல். ஒரு சொல்லும் விடுபடாமல் சேர்ந்த பிறகே அச்சுக்குப் போவோம் என்று இருந்திருந்தால் இன்றைக்கும் கையெழுத்துச் சீட்டுகளைத்தான் புரட்டிக்கொண்டிருப்போம். அவர்கள் ஆறு தொகுதியை முடித்துவிட்டு, விடுபட்டவற்றை 1939-இல் அனுபந்தமாகப் போட்டார்கள். அனுபந்தம் என்ற ஏற்பாடு இருக்கும்வரை யாரும் எதற்கும் முழுமைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

டாலரன்ஸ் படலம்

விடை கடைசியில் ஆய்வுக்குரியவரிடமே கிடைத்தது. ஒருநாள் அவருடைய பழைய வேலையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தோம். அவர் உள்ளே போய்ப் பழைய டிராயிங் ஒன்றை எடுத்து வந்தார். மடித்த இடமெல்லாம் கிழிந்து, எண்ணெய்க் கறை படிந்த காகிதம். ஒரு தண்டு. விட்டம் 25 மில்லிமீட்டர் என்று போட்டு, பக்கத்தில் சிறிய எழுத்தில் பிளஸ் ஆர் மைனஸ் 0.05.

“இது எதுக்குண்ணே?”

“டாலரன்ஸ் சார். கரெக்டா இருபத்தஞ்சு உலகத்துல எந்த மெஷினாலயும் எடுக்க முடியாது. கூட இவ்ளோ, கம்மி இவ்ளோ, அதுக்குள்ள இருந்தா பீஸ் ஓகே. செக் பண்றதுக்கு கோ, நோகோன்னு ரெண்டு கேஜ் இருக்கும். கோவுக்குள்ள பீஸ் போகணும், நோகோவுக்குள்ள போகக் கூடாது. அவ்ளோதான். நடுவுல எங்க இருக்குதுன்னு நாங்க கேக்கவே மாட்டோம்.”

“டாலரன்ஸ் போடாம டிராயிங் வந்தா?”

“திருப்பி அனுப்பிடுவோம். டிராயிங் போட்டவனுக்கு வேலை தெரியலன்னு அர்த்தம். ஜீரோ டாலரன்ஸ்னு வச்சா ஒரு பீஸும் கேட்டத் தாண்டி வெளிய போகாது சார். கம்பெனிய மூடிட்டுப் போக வேண்டியதுதான்.”

அவர் இதைச் சொல்லிக்கொண்டே இருந்தபோது மடியில் அந்த நடை நோட்டு இருந்தது. காலை 6.00 மணி, 45 நிமிடம், 4 கிலோமீட்டர், திங்கள், ஒன்றாந்தேதி, வளர்பிறை. எந்த அளவுக்குப் பக்கத்திலும் பிளஸ் இல்லை, மைனஸ் இல்லை. பட்டறையில் இந்த டிராயிங் வந்திருந்தால் அவரே முதல் ஆளாகத் திருப்பி அனுப்பியிருப்பார். பித்தளைத் துண்டுக்குக் கொடுத்த சலுகையைத் தன் காலுக்கு அவர் கொடுக்கவில்லை.

இவ்வாய்வாளர் அந்த நோட்டை வாங்கி, ஆய்வு நெறிக்கு மாறாக, முதல் பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் கிறுக்கினார். ‘45 நிமிடம்’ பக்கத்தில் மைனஸ் 30. ‘4 கிலோமீட்டர்’ பக்கத்தில் மைனஸ் 3. ‘திங்கள்’ பக்கத்தில் பிளஸ் 6 நாள். அவர் நீண்ட நேரம் அதையே பார்த்தார். முதல் பக்கம் கெட்டுவிட்டது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. கெட்டுவிட்டதால் இனி அதைக் காப்பாற்ற வேண்டியதில்லை என்பதும் கொஞ்சம் தாமதமாகத் தெரிந்தது. இந்தத் தலையீட்டின் விளைவை அறிவியல் முறைப்படி நிறுவ நீண்ட கால அவதானிப்பு தேவை. இப்போதைக்குச் சொல்லக்கூடியது, அரிசிக் கடைக்குப் போய்வந்ததை அவர் அன்றே முதல் வரியில் எழுதிக்கொண்டார் என்பதே.

பயன்பாடு

வாசகர்களில் பஞ்சாங்கம் பார்ப்போரும் இருப்பீர்கள். உங்களைக் கைவிட இவ்வாய்வாளருக்கு மனமில்லை. எனவே பஞ்சாங்கத்தின் உள்ளேயே ஒரு வழி தேடினோம். சனிக்கிழமை காலை 6 முதல் 7.30 வரை குளிகை. ராகு காலம் 9 மணிக்கு மேல்தான். எமகண்டம் மதியம். வெயில் இல்லை, ஆபீஸ் அவசரமும் பெரும்பாலும் இல்லை. குளிகையில் தொடங்கியது திரும்பத் திரும்ப நடக்கும் என்று பெரியவர்களே சொல்லியிருக்கிறார்கள். நடையோ, படிப்போ, எழுதாமல் வைத்திருக்கும் கதையோ, சனிக்கிழமை ஆறு மணிக்குத் தொடங்கிவிடுங்கள். சூரிய உதயம் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும், ஆகவே ஆறு மணி என்பது துல்லியமான கணக்கல்ல என்று சொல்வதற்குச் சிலர் கை தூக்குவீர்கள். பிளஸ் ஆர் மைனஸ் அரை மணி நேரம்.

எந்தச் சனிக்கிழமை என்று கேட்டு யாரும் கடிதம் எழுத வேண்டாம். வருகிற சனிக்கிழமைதான்.